விளம்பரம் நம்மைத் தேடி வருவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கைப்பேசிச் செயலிகள் நம்மைப் பின்தொடர்வது பற்றியும், அந்தத் தகவலை வைத்து ஆளுக்கு ஆள் வேறுபடுத்திக் காட்டப்படும் விளம்பரங்கள் பற்றியும் தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பொருளைத் தொட்டு நிற்பதால் இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

பாம்பன் வாசகி: என் கணவரும் நானும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புது நண்டு வலை வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் யாரும் எதையும் தேடவில்லை. மறுநாள் முகநூலைத் திறந்தால் வலை, மிதவை, நைலான் கயிறு என்று விளம்பரங்கள். நாம் பேசுவதைக் கைப்பேசி ஒட்டுக்கேட்கிறதா?

பதில்: உங்களைப் போலவே பலருக்கும் இந்த அச்சம் இருப்பதால் ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பயன்படுத்துபவருக்குத் தெரியாமல் ஒலிவாங்கியைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. ஆனால் திரையில் நாம் செய்வதைப் படமாகவும் காணொளியாகவும் பிடித்து வேறு நிறுவனங்களுக்கு அனுப்பிய செயலிகள் அகப்பட்டன. எனவே காதை விட்டுவிட்டுக் கண்ணைப் பற்றிக் கவலைப்படுவது பொருத்தம் என்பது என் கருத்து.

அப்படியானால் வலை விளம்பரம் எப்படி வந்தது? ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் எண்ணும் எழுத்தும் கலந்து 32 குறிகள் கொண்ட விளம்பர ஐடி ஒன்று உண்டு. நீங்கள் இறக்கி வைத்திருக்கும் இலவசப் பஞ்சாங்கச் செயலி, டார்ச் செயலி, பாட்டுச் செயலி ஆகியவற்றை எழுதியவர்கள் வேறு வேறு ஆட்களாக இருந்தாலும், அவற்றுக்குள் விளம்பர நிறுவனங்கள் தரும் மென்பொருள் துண்டு ஒன்றே பொதுவாக அமர்ந்திருக்கும். எந்தச் செயலி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் திறக்கப்பட்டது என்பதை அந்தத் துண்டு இதே ஐடியின் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கும். உங்கள் பெயர் அதில் இல்லாவிட்டாலும், அந்த 32 குறிகளே ஓர் ஆளுக்குச் சமமாகிவிடுகின்றன.

பஞ்சாங்கச் செயலியின் அடியில் காலியாக ஒரு பட்டை இருக்கிறதே, அது நிரம்பும் கணத்தைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்ப்போம். செயலி திறந்ததும், 'இன்ன ஐடி, இன்ன கைப்பேசி மாதிரி, தமிழ் மொழி, பாம்பன் பக்கம், இந்த இடத்துக்கு என்ன விலை?' என்று பல நிறுவனங்களின் கணினிகளுக்கு ஒரே நேரத்தில் கேள்வி போகிறது. கரையில் கூடையை இறக்கியதும் வியாபாரிகள் சூழ்ந்து விலை கேட்பதைப் போன்ற ஏலம்தான் இதுவும். ஆனால் ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, விலை போகிறவருக்குத் தாம் விலை போனது தெரிவதுமில்லை. ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அந்தக் கேள்வியில் இருந்த விவரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற செய்தி.

உங்கள் கணவரின் கைப்பேசி வலைக்கடைப் பக்கம் போயிருக்கலாம். ஒரே வைஃபையைப் பயன்படுத்தும் உறவினர் யாரேனும் நண்டு வலையைத் தேடியிருக்கலாம். பருவம் தொடங்குகையில் ஊரில் நூறு பேர் தேடியதால், தேடாத உங்களையும் அதே கூட்டத்தில் சேர்த்திருக்கலாம். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

மண்டபம் வாசகர்: துபாயிலிருந்து வந்த மகன் எனக்கு ஐபோன் கொடுத்திருக்கிறான். புதிய செயலியைத் திறந்தால், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் இணையதளங்களிலும் உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா என்று கேட்கிறது. என் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி இப்படிக் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று அழுத்தினால் உண்மையில் எது நிற்கிறது?

பதில்: ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரல் 26 அன்று வெளியிட்ட ஐஓஎஸ் 14.5 பதிப்பிலிருந்து இந்தக் கேள்வி கட்டாயமாயிற்று. நீங்கள் வேண்டாம் என்று அழுத்தியதும் அந்தச் செயலிக்கு உங்கள் விளம்பர ஐடி கிடைக்காது; கேட்டால் வெறும் சுழியங்களே திரும்பி வரும். ஒரு செயலியில் நீங்கள் செய்ததை இன்னொரு செயலியில் செய்ததோடு ஒட்டுப்போட உதவிய பொதுக் கயிறு அதோடு அறுந்துவிடுகிறது. நிற்பது அவ்வளவுதான். முகநூலுக்குள் நீங்கள் பார்த்ததை முகநூலும், யூடியூபில் பார்த்ததைக் கூகுளும் தாமே வைத்துக்கொள்வதை இந்தப் பொத்தான் தடுக்காது. விளம்பரங்களின் எண்ணிக்கையும் குறையாது. பொருத்தம் மட்டும் குறையும்.

ஆண்ட்ராய்டில் முறை வேறு. அங்கே பின்தொடர்தல் தொடக்கத்திலிருந்தே நடந்துகொண்டிருக்கும். வேண்டாதவர் அமைப்புகளுக்குள் போய்த் தேடி நிறுத்த வேண்டும். கேட்டுவிட்டு எடுப்பதற்கும், எடுத்துக்கொண்டே இருந்து 'பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறியது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. அவர்களில் அமைப்புகளின் உள்ளறைக்குள் போய்ப் பார்த்தவர்கள் சிலரே. அனுமதி கேட்கப்படும் உரிமை விலை உயர்ந்த கைப்பேசி வைத்திருப்பவருக்கு மட்டும் தானாகக் கிடைக்கிறது என்றால் அது உரிமையாக இல்லை, வசதியாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் ஆண்ட்ராய்டில் வழி உண்டு. செட்டிங்ஸுக்குள் கூகுள் என்ற பிரிவைத் திறந்து, விளம்பரங்கள் என்பதற்குப் போனால், விளம்பர ஐடியை நீக்கு என்ற வரி இருக்கும். கைப்பேசி மாதிரிக்கு ஏற்ப இடம் சற்று மாறலாம். நீக்கியபின் ஐடி கேட்கும் செயலிகளுக்குச் சுழியங்களே போகும். 2021-இன் கடைசியில் ஆண்ட்ராய்டு 12-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு மறு ஆண்டு மற்றக் கைப்பேசிகளுக்கும் விரிந்தது. ஐபோனில் 'தனியுரிமை மற்றும் பாதுகாப்பு' பிரிவில் பின்தொடர்தல் என்பதற்குள் சென்று, செயலிகள் கேட்பதையே ஒரேயடியாக நிறுத்தலாம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐடி இல்லாவிட்டாலும், திரை அளவு, மென்பொருள் பதிப்பு, மொழி, இணைய முகவரி ஆகியவற்றைக் கோத்து ஒரு கைப்பேசியை அடையாளம் காண முடியும். இதைச் சாதன ரேகை எடுப்பது என்பார்கள். ஆப்பிள் தன் விதிகளில் இதைத் தடை செய்திருக்கிறது. கூகுளோ 2025 பிப்ரவரியில் தன் விளம்பர விதிகளை இவ்விஷயத்தில் தளர்த்தியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அதைப் பொறுப்பற்ற செயல் என்று வெளிப்படையாகக் கண்டித்தது. ஐடியை நீங்கள் அழித்துவிடலாம். ரேகையை அழிக்க உங்களிடம் பொத்தான் இல்லை.

தங்கச்சிமடம் வாசகி: மகளிர் குழுவாகச் சேர்ந்து சீலா, நெத்திலிக் கருவாடும் முண்டு மிளகாயும் இணையத்தில் விற்கிறோம். கடையோ முகவரோ இல்லாத எங்களுக்கு விளம்பரம்தான் வழி. பின்தொடர்தலைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தபின் அதே பணத்துக்கு முன்போல் ஆள் வருவதில்லை என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். தனியுரிமை என்ற பெயரில் சிறு வியாபாரிகளை நசுக்குவது நியாயமா?

பதில்: உங்கள் தரப்பில் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுத் தனியுரிமை பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அந்தப் பெயரை அறிந்து வாங்கக்கூடியவர் கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ எந்தத் தெருவில் இருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய மசாலா நிறுவனம் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போகும். சில நூறு ரூபாய் மட்டுமே செலவிடக்கூடியவருக்குத்தான் சரியான ஆளிடம் விளம்பரம் போய்ச் சேர்வது உயிர்நாடி.

இதே வாதத்தை முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனமும் வைத்தது. ஆப்பிளின் விதி வருமுன், 2020 டிசம்பரில், சிறு தொழில்களுக்காகத் தாம் குரல் கொடுப்பதாக அமெரிக்கச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. பின்னர் 2022 பிப்ரவரியில், அந்த ஆண்டில் மட்டும் இவ்விதியால் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று கணித்துச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, பெரிய வருமானம் யாருக்கு வந்துகொண்டிருந்தது என்பதும் தெளிவாகிறது. உங்கள் இழப்பு மெய்யானது. அதைக் காரணம் காட்டிப் பேசியவரின் இழப்பு வேறு வகையானது.

விதியை எழுதியவர் அதற்குக் கட்டுப்பட்டாரா என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது. பிரான்சின் போட்டி ஆணையம் இதை ஆராய்ந்து 2025 மார்ச் 31 அன்று ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. அனுமதி கேட்கும் நோக்கத்தில் குறை இல்லை என்று அந்த ஆணையமே ஒப்புக்கொண்டது. நடைமுறைப்படுத்திய விதத்தைத்தான் குறை கண்டது. பிற செயலிகளுக்கு ஒருவர் மறுப்புச் சொல்ல ஒருமுறை அழுத்தினால் போதும், சம்மதம் சொல்ல இரண்டு முறை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதே காலத்தில் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்குத் தொடக்கத்தில் அனுமதியே கேட்கவில்லை. பின்பு கேட்டபோதும் ஒரே முறைதான். சொந்தமாகத் தகவல் குவித்து வைத்திருக்காத சிறு செயலிக்காரர்களே இதில் அதிகம் அடிபட்டார்கள் என்றும் ஆணையம் கூறியது. விதியை அகற்றச் சொல்வதைவிட, அதை எழுதியவரும் அதே கேள்வியை அதே விதமாகக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துவதே உங்களைப் போன்றவர்களுக்குப் பயன் தரும்.

உங்கள் தொழிலுக்கு ஒரு வார்த்தை. ஆளைப் பின்தொடராமல் பொருளைப் பின்தொடரும் விளம்பரமும் உண்டு. கருவாட்டுக் குழம்பு செய்முறைக் காணொளிக்குப் பக்கத்தில் கருவாடு விளம்பரம் வைத்தால், பார்ப்பவர் யார் என்று தெரிய வேண்டியதே இல்லை. ஒருமுறை வாங்கியவரின் எண்ணை அவருடைய சம்மதத்தோடு குறித்து வைத்து, அடுத்த சரக்கு காய்ந்ததும் நீங்களே செய்தி அனுப்புவதும் எந்த நிறுவனமும் பறிக்க முடியாத சொத்து.

தொண்டி வாசகி: நானும் என் அண்ணனும் பொறியியல் படித்தவர்கள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே இணைப்பு. அவனுக்கு வேலைவாய்ப்பு விளம்பரங்களும் எனக்கு முகப்பூச்சு, சேலை விளம்பரங்களும் வருகின்றன. பெண் என்பதால் எனக்கு வேலையைக் காட்டாமல் விடுகிறார்களா?

பதில்: வந்த கடிதங்களில் இதைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். பெண்களுக்குக் காட்டாதே என்று எந்த நிறுவனமும் குறித்துக் கொடுக்காமலேயே இப்படி நடக்கும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம்.

அஞ்யா லாம்பிரெக்ட், கேத்தரின் டக்கர் என்ற இரு பேராசிரியர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு மிக நெருங்கி வருகிறது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளில் வேலைவாய்ப்பு பற்றிய ஒரே விளம்பரத்தை, ஆண் பெண் வேறுபாடு வேண்டாம் என்று குறிப்பிட்டு, 191 நாடுகளில் முகநூல் வழியாக வெளியிட்டார்கள். பெண்களைவிட ஆண்களுக்கு அது 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகக் காட்டப்பட்டது. பெண்களுக்கு ஆர்வம் இல்லாததால் இயந்திரம் ஒதுக்கியதா என்று பார்த்தால், விளம்பரம் கண்ணில் பட்ட பெண்கள் ஆண்களைவிட அதிகமாகவே அதை அழுத்தியிருந்தார்கள். உண்மைக் காரணம் விலை. வீட்டுக்குப் பொருள் வாங்குவதில் இளம் பெண்களின் முடிவு முக்கியம் என்பதால், அவர்கள் கண்முன் இடம்பிடிக்கப் பல வணிகர்கள் போட்டி போட்டு விலையை ஏற்றிவிடுகிறார்கள். குறைந்த செலவில் அதிகம் பேருக்குக் காட்டு என்று பணிக்கப்பட்ட கணினி மலிவாகக் கிடைத்த ஆண்கள் பக்கம் சாய்கிறது. உங்கள் திரையில் முகப்பூச்சு நிறுவனம் அதிக விலை கொடுத்து உட்கார்ந்துகொள்ள, வேலை தர வந்தவர் உங்கள் அண்ணனின் திரைக்குப் போய்விடுகிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இழப்பு மட்டும் உங்களுக்கு.

அதே 2019-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரே கூட்டத்தைக் குறித்து வெவ்வேறு வேலை விளம்பரங்களை வெளியிட்டார்கள். பல்பொருள் அங்காடியில் காசாளர் வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 85 விழுக்காட்டினர் பெண்கள்; டாக்ஸி நிறுவன வேலையைப் பார்த்தவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். விளம்பரம் கொடுத்தவர் இப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. இதற்குமுன் யார் எதை அழுத்தினார்கள் என்ற பழக்கத்திலிருந்து கணினி கற்றுக்கொண்டு, அந்தப் பழக்கத்தையே நாளைக்கும் நீட்டித்துவிட்டது.

அமெரிக்காவில் வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததால், அதன் அடிப்படையில் நீதித்துறை மெட்டாமீது வழக்குத் தொடுத்து 2022 ஜூனில் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. விளம்பரத்துக்குத் தகுதியானவர்களின் கூட்டத்துக்கும் உண்மையில் அதைப் பார்த்தவர்களின் கூட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் ஏற்பாட்டை மெட்டா 2023 ஜனவரியில் வீட்டு விளம்பரங்களுக்குக் கொண்டுவந்தது; பிறகு வேலை, கடன் விளம்பரங்களுக்கும் அது விரிந்தது.

இங்கே நிலைமை என்ன? வேலைக்கு ஆள் எடுக்கையில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலிருந்து நம் நாட்டிலும் சட்டம்தான். ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது வேலை தருபவரை. விண்ணப்பிக்கும் கட்டத்துக்கே வரவிடாமல், வேலை இருக்கிறது என்ற செய்தியையே ஒருத்திக்கு எட்டாமல் செய்த கணினியை அது பார்ப்பதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ சம்மதம் கேட்டாயா என்று கேட்கும். வயது வந்தவருக்குக் காட்டியதில் நியாயம் இருந்ததா என்று கேட்காது. நீங்கள் பின்தொடர முழுச் சம்மதம் கொடுத்திருந்தாலும் உங்களுக்கு வேலை மறைக்கப்பட்டது தவறுதான். சம்மதத்தையும் நியாயத்தையும் ஒன்றாக்கிப் பேசுவதால் இந்தத் தவறு யார் கணக்கிலும் சேராமல் போகிறது. வேலை, கடன், வீடு ஆகிய மூன்றுக்குமான விளம்பரங்கள் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்ற கணக்கை வெளியிடும் கடமையைப் பெரிய நிறுவனங்கள்மீது சட்டம் சுமத்த வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதுவரை, வேலை தேடுவதை விளம்பரத்திடம் விட்டுவிடாதீர்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தையும், தேர்வாணைய அறிவிக்கைகளையும், நிறுவனங்களின் பக்கங்களையும் நீங்களே நேராகத் திறந்து பாருங்கள். அங்கே உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒரே பக்கம்தான் திறக்கும்.

ராமேஸ்வரம் வாசகர்: வானிலைச் செயலிகள் இருப்பிடத்தைக் கேட்கின்றன. கொடுக்கலாமா, கூடாதா?

பதில்: கடலுக்குப் போகிறவர் கொடுக்கத்தான் வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி போன்றவை சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிப்பதற்குப் படகு நிற்கும் துல்லியமான இடம் தேவை. பாக் நீரிணையில் அந்த எச்சரிக்கையின் அருமையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கரையில் இருந்துகொண்டு மழை வருமா என்று பார்க்கும் செயலிக்குத் தோராயமான இருப்பிடமே போதும். திரையின் பின்னணிப் படம் மாற்றும் செயலியும் டார்ச் செயலியும் இருப்பிடம் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மூக்கையூர் வாசகர்: மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையேறிவிட்டால், எங்கள் பையன்களின் கைப்பேசியில் 'ஐந்தே நிமிடத்தில் கடன்', 'ரம்மியில் பணம்' என்று விளம்பரம் குவிகிறது. கையில் காசு இல்லாத நேரம் பார்த்து வலை விரிக்கிறார்களே, இதற்குச் சட்டம் இல்லையா?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று விளம்பரம் கொடுப்பவர் நாட்காட்டி பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. முன்பு பகலில் கடலில் இருந்ததால் அடங்கிக் கிடந்த கைப்பேசிகள் இப்போது நாள் முழுவதும் கரையில் விழித்திருக்கின்றன. ஒருவர் கடன் விளம்பரத்தைத் தொட்டதும், அவரைப் போன்றவர்கள் என்று கணினி கருதும் மற்றவர்களுக்கும் அது போகிறது. நெருக்கடியில் இருப்பவர் அதிகம் அழுத்துவார்; அதிகம் அழுத்துபவருக்கு அதிகம் காட்டுவதே இந்த ஏற்பாட்டின் இயல்பு. தொண்டி வாசகிக்குத் தேவையானது எட்டாமல் போகிறது, உங்கள் பையன்களுக்குத் தேவையற்றது துரத்தி வருகிறது. இரண்டும் ஒரே இயந்திரத்தின் வேலை.

ரம்மியைப் பொறுத்தவரை சட்டம் இப்போது தெளிவு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளோடு அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்து, விளம்பரம் செய்பவருக்குச் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. எனவே இன்று உங்கள் பையன்களின் திரையில் வரும் அத்தகைய விளம்பரத்தை நாகரிகக் குறைவு என்று முணுமுணுத்துவிட்டு விடாமல், குற்றம் என்றே புகார் செய்யலாம்.

கடன் செயலிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வகுத்த நெறிமுறைகள், பின்பு 2025-இல் புதுப்பிக்கப்பட்டவை, நடைமுறையில் இருக்கின்றன. தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்கள், கோப்புகள் ஆகியவற்றைக் கடன் செயலி தொடவே கூடாது. கேமராவையும் இருப்பிடத்தையும் கடனுக்குப் பதிவு செய்யும்போது ஒருமுறை அணுகலாம், அதுவும் வெளிப்படையான சம்மதத்தோடு மட்டும். கடன் கொடுக்குமுன் மொத்த ஆண்டு வட்டி விழுக்காட்டைக் காட்டும் தாளைத் தர வேண்டும். வாங்கியபின் மனம் மாறினால் குறித்த காலத்துக்குள் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கொடுத்துவிட்டு அபராதமின்றி விலகவும் வழி விட வேண்டும். ஆகவே நிறுவும்போதே 'தொடர்புகளை அணுக அனுமதி' என்று ஒரு கடன் செயலி கேட்டால், அந்த ஒரு கேள்வியே அது விதிக்கு உட்பட்ட செயலி இல்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். வட்டிக்காரர் உறவினர் எல்லோருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கும் கொடுமை அந்த அனுமதியிலிருந்துதான் தொடங்குகிறது. ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களின் கடன் செயலிகளுடைய பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. பையன்களை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தாலோ பணம் போயிருந்தாலோ உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

கீழக்கரை வாசகி, ஆசிரியை: என் மாணவர்களில் பெரும்பாலோர் தந்தையின் கைப்பேசியில்தான் பாடம் பார்க்கிறார்கள். பிள்ளைகளைப் பின்தொடரக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அது இவர்களைக் காக்குமா?

பதில்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததன் தொடர்ச்சியாக வந்த சட்டம் இது. ஆனால் விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 நவம்பரில்தான். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று அந்த அறிவிக்கை கூறுகிறது.

உங்கள் ஐயம் சரியான இடத்தைத் தொடுகிறது. தந்தையின் கணக்கில் பிள்ளை பாடம் பார்க்கும்போது, நிறுவனத்தின் கண்ணுக்கு அது நாற்பது வயது ஆண். பாடத்துக்கும் கார்ட்டூனுக்கும் இடையே அவனுக்கு வருவது தந்தைக்கான விளம்பரம். அவன் அழுத்துவது தந்தையின் கணக்கில் ஏறுகிறது. ஆளுக்கொரு கைப்பேசி என்று எண்ணி எழுதப்பட்ட சட்டம் வீட்டுக்கொரு கைப்பேசியை நன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொல்லக்கூடிய வழி ஒன்று உண்டு. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இரண்டாவது பயனர் ஒன்றை உருவாக்கி, கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் பிள்ளையின் வயதோடு தனிக் கணக்குத் தொடங்கினால், அந்தக் கணக்கில் தனிப்பயனாக்கிய விளம்பரம் வராது.

இன்னொரு பிரிவையும் சொல்லிக்கொடுங்கள். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும் என்கிறது இதே சட்டம். தமிழும் அதில் ஒன்று. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

தேவிபட்டினம் வாசகர்: இத்தனையும் படித்தபின் புகார் சொல்ல வேண்டுமென்றால் எங்கே போவது?

பதில்: முதலில் அந்தச் செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், அவர் முகவரி செயலியின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் இருக்கும். ஏமாற்று விளம்பரம், விலக விடாமல் சுற்றவைக்கும் பொத்தான்கள் போன்றவற்றுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; இத்தகைய தந்திரங்களில் 13 வகைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. அங்கீகாரமில்லாத கடன் நிறுவனமானால் ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வந்தபின் தரவுப் பாதுகாப்பு வாரியத்தையும் அணுகலாம். எங்கே போனாலும் கையில் சான்று வேண்டும்: விளம்பரத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'இந்த விளம்பரம் ஏன் காட்டப்படுகிறது' என்ற பக்கத்தைத் திறந்து, விளம்பரம் கொடுத்தவர் பெயரும் தேதியும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். விளம்பரம் ஒரு முறை மறைந்தால் மறுபடி அகப்படுவது அரிது.